முழு விலாசத்தோடு ஒரு ஜெபம்

எனக்கு மூலம் இருந்த விஷயம் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்தது ஒரு ஜெபத்தின் வழியாகத்தான். என் மனைவிக்கும் மஞ்சக்குப்பத்தில் பார்த்த டாக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நான் நிம்மதியாக இருந்தேன். மனைவி பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அத்தை தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் நேராக ஆண்டவரிடமே சொல்லிவிட்டார். அதுவும் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், சபையார் முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது.

"கர்த்தாவே, கடலூர் புதுப்பாளையத்தில், தண்ணி டேங்குக்கு எதிர் வீட்டில் குடியிருக்கும் மைக்கேல் மகன் ஜான்சனை உம்முடைய பாதத்தில் வைக்கிறோம். மகன் மூல வியாதியினாலே உட்கார முடியாமல் அவதிப்படுகிறான். அந்த இடத்தைத் தொட்டு சுகமாக்கும் ஆண்டவரே."

எல்லோரும் "ஆமென்" என்றார்கள். அதில் நாலைந்து ஆமென்களில் சிரிப்பு இருந்தது. ஜெபம் முடிந்ததும் ஒரு பொடியன் ஓடிப் போய் எனக்கு மட்டும் தலையணை கொண்டுவந்து போட்டான்.

மறுநாள் காலையில் சண்டை போடத்தான் போனேன். மாமா வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் இல்லை, எங்கள் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் வயதானவராக இருந்தால் மாமா, அவ்வளவுதான்.

"இன்னா மாமா இது? ஆண்டவருக்குத் தெரியாததா? ஊருக்கே போட்டு உடைக்கணுமா?"

"தெரியும் மாப்ள. ஆனா கேஸைக் கூப்பிடும்போது பேரு, தகப்பன் பேரு, ஊரு எல்லாம் சொல்லணும்ல? அது ஒரு முறை. மொட்டையா ஜெபம் பண்ணா அது மொட்டைக் கடுதாசி. மேல எடுத்துக்க மாட்டாங்க. கடலூர்ல எத்தினி ஜான்சன் இருக்கான்? சுகம் வேற எவனுக்காவது போயிட்டா நீ இன்னா பண்ணுவ?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்டி இருக்கு?" என்றார்.

"கொஞ்சம் பரவால்ல மாமா."

"பாத்தியா!" என்று குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு எடுக்கும்போது வராந்தாவில் நின்று கட்சிக்காரர் பேரை மூன்று தடவை கூப்பிடுகிற வேலை. அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. சபையில் வாய் நிறைய ஜெபம் பண்ணுகிறவர் என்று அவரைத்தான் எல்லா வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு உள்ளுக்குள் உதறிக்கொண்டிருப்பார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் இருவர் பேரையும் சொல்லி, எந்தப் பாத்திரத்தால் சண்டை வந்தது என்பது வரை சொல்லி, சமாதானத்தைக் கேட்பார். ஒரு முறை ஆசீர்வாதம் அண்ணனுக்காக, "இந்த மகன் சாயங்கால வேளைகளில் பாண்டிச்சேரிக்குப் போய் வருகிறான் ஆண்டவரே, திரும்பி வரும் வழியில் இவன் பைக்கை நீரே ஓட்டும்" என்று உருகினார். சரக்கு மலிவு என்று கடலூர்க்காரர்கள் பாண்டிக்குப் போவது ஊரறிந்த விஷயம். ஆனால் ஆசீர்வாதம் அண்ணனின் மனைவி அறியாத விஷயம்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போனது சுனாமிக்குப் பிறகு. கரையோரக் கிராமத்து ஜனங்களைப் பள்ளிக்கூடங்களில் தங்க வைத்திருந்தார்கள். மாமா தினமும் போவார். சோற்றுப் பொட்டலம் கொடுக்கப் போகிறவர்கள் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள்; இவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் குந்திக்கொண்டு, போனவர்கள் பேரு என்ன, அப்பா பேரு என்ன, எந்தத் தெரு என்று கேட்பார். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். சாயங்காலம் ஒரு மரத்தடியில் நின்று அத்தனை பேரையும் வரிசையாகச் சொல்லி ஜெபிப்பார். ஒன்று பிசகாது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் பெண்கள் வந்து உட்காருவார்கள். என்னோடு வந்த ஒருவர், "ஏம்மா, இது வேற சாமி" என்று ஒரு அம்மாவிடம் சொன்னதற்கு, "எந்தச் சாமியா இருந்தா இன்னா? எம் புள்ள பேர அவுங்கப்பா பேரோட சேத்து சொல்றாருல்ல. வேற யாரு சொல்றா?" என்றது அந்த அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம் மாமா எதைப் போட்டு உடைத்தாலும் எனக்குக் கோபம் வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு மறதி வந்தது எங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று இப்போது கேட்டால் விளக்கம் சொல்லிவிடுவேன். அப்போது நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

முதலில் மறுபடியும் என் மூலம்தான். ஆபரேஷன் முடிந்து, நான் நன்றாக உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, "மைக்கேல் மகன் ஜான்சன் உட்கார முடியாமல்" என்று ஆரம்பித்தார். கூட்டம் முடிந்ததும், "மாமா, அந்தக் கேஸ் எப்பவோ முடிஞ்சு போச்சு" என்றேன். ஒரு நொடி என்னை வெறுமனே பார்த்தார். அப்புறம், "அப்பீல் வந்துடக் கூடாதுன்னுதான் மாப்ள" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த ஒரு நொடியை நானும் விட்டுவிட்டேன்.

அடுத்தது எங்கள் சபையில் இருக்கும் ஸ்டெல்லா. "கர்ப்பவதியாயிருக்கிற இந்த மகளுக்கு சுகப்பிரசவம் கொடும்" என்று ஜெபித்தார். அவள் பிரசவித்த குழந்தை யுகேஜி படித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஜனங்களுக்கு மாமா தப்பாகச் சொல்லுவார் என்று தோன்றவே இல்லை. அவருக்கு வெளிப்பாடு வந்துவிட்டது, ஆண்டவர் முன்கூட்டியே காட்டிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாமியார், "எங்கிட்ட கூட சொல்லலியேடி" என்று மூக்கைச் சிந்தினார். பக்கத்து வீட்டிலிருந்து மாங்காய் வந்தது. ஸ்டெல்லாவே ஒரு வாரம் சந்தேகத்திலேயே இருந்தாள், பாவம்.

மூன்றாவதற்கு யாரும் சிரிக்கவில்லை. செத்துப் போய் ஒரு வருஷம் ஆன செல்லையா அண்ணனுக்காக, "படுக்கையிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பும் ஆண்டவரே" என்று கேட்டார். அவர் சம்சாரம் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் ஆமென் சொன்னோம். அந்த அம்மாவும் சொன்னது. வெளியே செருப்பு மாட்டும்போது, "ஏங்க்கா, நீங்க கூடவா?" என்று கேட்டேன். "சொல்லணும்போல இருந்துச்சு தம்பி" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

கடையிலோ கல்யாண வீட்டிலோ ஒருவர் தப்பாகப் பேசினால் நாலு பேர் திருத்துவார்கள். ஜெபத்தில் யார் குறுக்கே பேசுவது? கண்ணை மூடியிருக்க வேண்டும், முடிந்ததும் ஆமென் சொல்ல வேண்டும். மாமாவின் மறதி ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நாங்களே வாரா வாரம் ஆமென் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் ஒரே ஜெபத்தை முழுசாக முடித்துவிட்டு, மூச்சு விட்டு, "பரலோகத்திலிருக்கிற எங்கள் நல்ல பிதாவே" என்று முதலிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தார். அதே பேர்கள், அதே வியாதிகள். உள்ளே போட்டு வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிரில் பாதிப் பேர் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். அத்தை மட்டும் இரண்டு கண்ணையும் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய ஒரே மகள் சிதம்பரத்தில், மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தாள். மாமா மாதம் ஒரு தடவை பையில் இறாலோ நண்டோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். அந்தத் தடவை போனவர், போன பையோடு திரும்பி வந்தார். நண்டு நாறிப் போயிருந்தது. "வூடு பூட்டியிருந்துச்சு" என்றார். அத்தை மகளுக்கு போன் போட்டால், "காலைலேந்து வூட்லதாம்மா இருக்கேன், யாரும் வரலியே" என்றாள்.

அத்தை என்னைத் தேடி வந்துவிட்டார். "தம்பி, இவரு பொய் சொல்றாரு. கட்டிக்கிட்ட நாள்லேந்து எங்கிட்ட பொய் சொன்னதே கெடயாது. இந்த வயசுல எங்கடா போயிட்டு வர்றாரு?"

அத்தையின் முகத்தைப் பார்த்தால் அவருக்கு என்ன சந்தேகம் என்று புரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அன்றைக்கு ராத்திரிக்குள் போய்விட்டது. அந்த ரூட்டில் ஓடும் கண்டக்டர் ஒருவர் எங்கள் தெருக்காரர். அவர் சொன்னார்: "சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல பையை மடியில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாருப்பா. நான் ரெண்டாவது ட்ரிப் வந்தப்பவும் அதே பெஞ்சுதான். இன்னா மாமான்னு கேட்டா, ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்னாரு. அப்புறம் என் வண்டி போர்டைப் பாத்துட்டு ஏறிட்டாரு."

சாமிக்கே விலாசம் சொன்ன மனுஷனுக்கு மகள் வீட்டுக்கு வழி தெரியவில்லை.

நான் பக்குவமாகத்தான் கேட்டேன். "மாமா, பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தீங்களாமே?"

"எவன் சொன்னான்? அடுத்தவன் விஷயத்த ஊரெல்லாம் சொல்றதே இந்தத் தெருவுக்குப் பொழப்பா போச்சு!" என்று எகிறினார். சொல்வது யார் என்று பாருங்கள்! நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அத்தையால் அப்படிக் கிளம்பிவிட முடியுமா? "அன்னைக்கு கடலூர்னு போர்டு கண்ணுல பட்டுச்சு, வந்துட்டாரு. நாளைக்கு சேத்தியாத்தோப்பு வண்டில ஏறிட்டார்னா நான் எங்க போயி தேடுவேன்? கேட்டா ஒண்ணுமில்லன்றாரு. பூட்டி வெக்கவா முடியும்?" என்று என் மனைவியின் தோளில் சாய்ந்து அழுதார். மாமா திரும்பி வராமலே போய்விடுவார் என்ற பயத்தில் அத்தை சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஞாபகமறதிக்கென்றே பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாக மருமகன் விசாரித்துச் சொன்னார். ஆனால் மாமாவை எப்படிக் கூட்டிப்போவது? அவர் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகிறவர்தான், ஆனால் ஜெபம் பண்ண. தனக்காகப் போனதே இல்லை. அதனால் நான்தான் ஒரு நோயாளியை உண்டாக்கினேன். "மாமா, என் ஐஸ் கம்பெனி முதலாளிக்குத் தெரிஞ்சவர். ரொம்ப முடியல. சிதம்பரத்துல ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. நீங்க வந்து ஒரு ஜெபம் பண்ணணும்."

மாமா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேரு?"

"மோசஸ்."

"தகப்பன் பேரு?"

"ஏபிரகாம்."

"எந்த ஊரு?"

"புவனகிரி" என்றேன். வாய்க்கு வந்த ஊர்.

"வியாதி?"

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்த அத்தை சொன்னார். "சொன்னதையே சொல்றாராம். சாப்ட்டுட்டு சாப்புடலன்றாராம். போன எடத்துக்கே வழி தெரியலயாம். கேட்டா ஒத்துக்க மாட்டேன்றாராம். பொண்டாட்டி ரொம்பப் பயப்படறாளாம்."

"பாவம்டா" என்றார் மாமா. "நாளைக்கே போலாம்."

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு, வராந்தாக் குரலில், புவனகிரி ஏபிரகாம் மகன் மோசஸுக்காகக் கதற ஆரம்பித்துவிட்டார். "அவன் மனைவியின் கண்ணீரைப் பாரும் ஆண்டவரே" என்றபோது அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆமென் வரும்வரை நின்றார்.

நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று மாமாவை உள்ளே கூட்டிப்போனோம். டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமைசாலி. "ஐயா, அறுபது தாண்டினவங்க ஞாபக சக்திய ஒரு தடவ பாத்துக்கறது நல்லது. உங்களையும் கொஞ்சம் கேள்வி கேக்கலாமா?" என்றார்.

"கேளும்மா. எத்தினி குறுக்கு விசாரணை பாத்திருக்கேன்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"கோர்ட் இருக்கற நாளு."

"என்ன வருஷம்?"

"கர்த்தரோட வருஷம்மா. எல்லா வருஷமும் அவர்துதான்."

நான் சிரித்துவிட்டேன். டாக்டரும் சிரித்தார். ஆனால் அதோடு விடவில்லை. "சரிங்கய்யா. கேலண்டர்ல என்ன வருஷம் போட்டிருக்கும்?" என்று காத்திருந்தார். மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை வாயெடுக்கப் போனதும், "அம்மா, நீங்க சொல்லக் கூடாது" என்றார் டாக்டர். மாமா கூரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நாளாக நான் சிரித்த நகைச்சுவை எல்லாம் எதை மூடிக்கொண்டிருந்தது என்று.

டாக்டர் மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார்: மாம்பழம், குடை, ரயில். மாமா அதைக் கட்சிக்காரர் பேர் மாதிரி உரக்கத் திருப்பிச் சொன்னார். அப்புறம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாக வந்தது. ஆனால் பன்னிரண்டு எண்ணும் வலது பக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இடது பக்கம் காலி. "சின்ன கடியாரம்மா, எடம் பத்தல" என்றார். கொஞ்ச நேரம் பேரப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு, "ஐயா, நான் மூணு வார்த்த சொன்னேனே, என்னென்ன?" என்று கேட்டார் டாக்டர்.

"நீ எதுவும் சொல்லலியேம்மா" என்றார் மாமா. விளையாட்டாக இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

டாக்டர் அத்தையிடம், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தார், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு மாமாவைப் பார்த்தே பேசினார். "ஐயா, ஒரு பேர் மறந்துட்டு அப்புறம் ஞாபகம் வர்றது எல்லாருக்கும் உள்ளதுதான். சொன்னதே மறந்துபோறது, தெரிஞ்ச வழி தெரியாம போறது, இதையெல்லாம் விடக் கூடாது. இந்த டெஸ்ட்டை மட்டும் வச்சி நான் முடிவு சொல்ல மாட்டேன். தைராய்டு, சத்துக் குறைவுனால கூட மறதி வரும், அப்டின்னா சரி பண்ணிடலாம். வேற மாதிரி இருந்தாலும் இப்பவே தெரிஞ்சா நல்லது. ரத்தம் குடுங்க, ஒரு ஸ்கேன் எடுங்க. அதுவரைக்கும் தனியா பஸ் ஏற வேணாம்."

மாமாவின் முகம் கல்லாகிவிட்டது. "எனக்கு எதுக்கும்மா ரத்தம்? நோயாளி நான் இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல."

"நீங்க சம்மதிக்காம நான் எதுவும் பண்ண மாட்டேன் ஐயா."

"நான் வந்த வேலைய முடிச்சிட்டுக் கெளம்பறேன்" என்று எழுந்தார். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். இப்போது விட்டால் இவரை இன்னொரு தடவை இந்த வாசலுக்குக் கூட்டிவர முடியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாமா நின்றபடியே கண்ணை மூடினார். டாக்டரும் எழுந்து நின்றார்.

"கர்த்தாவே... வியாதியாயிருக்கிற..." என்று ஆரம்பித்தார். நின்றது. மறுபடி, "வியாதியாயிருக்கிற..." என்றார். மோசஸ் என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தை என் கையை அழுத்திப் பிடித்தார்.

ரொம்ப நேரம் கழித்து, அவரிடம் நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் மாமா சொன்னார்: "ஆண்டவரே, பேரு மறந்துபோச்சு. ஊரும் தெரியல. எனக்கு எல்லாம் மறந்து மறந்து போவுது." கண்ணைத் திறக்காமலே அத்தை நின்ற பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. யாருக்காக வந்தோம்?"

அந்தக் காலத்து மனுஷி அத்தை. புருஷன் பேரை வாயால் சொன்னதே கிடையாது. அன்று காலையில் ஓ.பி. சீட்டுக்குக் கூட என்னைத்தான் சொல்லச் சொன்னார். இப்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமாவின் பேரைச் சொன்னார். தகப்பன் பேரைச் சொன்னார். கதவு எண், தெரு, புதுப்பாளையம், கடலூர் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அத்தை வாயால் கேட்ட பிறகு அதை வேறு யாரும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

"இவருக்கு ஞாபகம் போயிக்கிட்டே இருக்குது ஆண்டவரே" என்றார் அத்தை. "அது இவருக்கே தெரியுது. எங்கிட்ட சொல்ல மாட்டேன்றாரு. எனக்கு பயமா இருக்குது."

மாமாதான் ஆமென் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து, யாரையும் பார்க்காமல், முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்றி மெதுவாக முழங்கைக்கு மேலே சுருட்டினார்.

"மாப்ள, ரத்தம் எடுக்கற எடம் எங்கன்னு கேளு" என்றார்.